ரயில் பாதை முடிகிற ஊர்

நண்பர்களுக்கு வணக்கம்.

போதைப்பொருள் நாவல் என்று சொல்லித்தான் 'க்ரிட்ஸ்' என்ற இந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்கள். படிக்கப் படிக்க, வேல்ஸ் வரைபடம் ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் விரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எழுதிய நயல் க்ரிஃபித்ஸ் 1966இல் லிவர்பூலில் பிறந்தவர். இது அவருடைய முதல் நாவல், 2000இல் வந்தது. கதை நடப்பது வேல்ஸின் மேற்குக் கரையில், அபெரிஸ்ட்வித்தில். தெற்கே கார்மார்தனுக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலை 1965இல் நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருப்பது கிழக்கே இங்கிலாந்திலிருந்து மலைகளுக்கு ஊடே வரும் பிரதான தடம் ஒன்றுதான். அது இந்த ஊரோடு சரி. அதற்கப்பால் கடல்.

ஊருக்கு 1872இலிருந்தே கல்லூரி உண்டு. தேசிய நூலகமும் அங்கேதான். படிக்க வந்தவர்கள் பட்டத்தோடு கிளம்பிவிடுவார்கள். நாவலில் பேசுகிறவர்கள் வேறு வகை. எங்கெங்கிருந்தோ வந்து, மேலே போக நிலம் இல்லாததால் தங்கிவிட்டவர்கள். வேலை கிடையாது, அரசு உதவிப்பணம் வரும், அது குடிக்கும் பவுடருக்கும் போகும். ஏன் இப்படி ஆனார்கள் என்று ஆசிரியர் விளக்கவே இல்லை. நல்லவேளை!

அந்த மலைகளுக்குப் போதை புதிதும் அல்ல. நாவலுக்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, உலகமெங்கும் போன எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை அங்கே கார்னோ என்ற கிராமத்தின் பழைய மாளிகை ஒன்றில் தயாரித்திருக்கிறார்கள். தயாரித்த வேதியியலாளர் குடியிருந்தது அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே, ட்ரெகாரன் பக்கம். 1977 மார்ச்சில் சுமார் 800 போலீசார் ஒரே நேரத்தில் பல இடங்களில் புகுந்தார்கள். 'ஆபரேஷன் ஜூலி' என்று பெயர். நகரம்தான் கிராமத்தைக் கெடுத்தது என்ற வழக்கமான புலம்பல் இங்கே எடுபடாது.

லிவர்பூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலுள்ள அந்த நகரத்தின் தண்ணீருக்காக வேல்ஸின் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கேப்பல் கெலின் என்ற வேல்ஷ் பேசும் கிராமத்தை மூழ்கடித்தார்கள். அணை திறந்தது அதே 1965இல். 'ட்ரவெரினை மறவாதீர்' என்று வேல்ஷில் எழுதிய இடிந்த சுவர் ஒன்று, அபெரிஸ்ட்வித்திலிருந்து தெற்கே போகும் சாலையோரம் இன்றும் நிற்கிறது. லிவர்பூலில் பிறந்தவர் அந்த ஊர்ப்பக்கம் வந்து கதை எழுதுகிறார் என்றால், இதையெல்லாம் அறியாமலா எழுதுவார்? 'க்ரிட்ஸ்' வந்த மறு ஆண்டே வெளியான இரண்டாவது நாவலில், பரம்பரை வீட்டை ஆங்கிலேயரின் விடுமுறை வீடாகப் பறிகொடுத்த ஒரு மலைப் பையனைத்தான் நடுவில் நிறுத்தினார்.

எல்லோரும் 'க்ரிட்ஸை' 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' என்ற ஸ்காட்லாந்துப் போதை நாவலோடு ஒப்பிடுவார்கள். கொச்சையும் ஊசியும் இருந்தால் போதும், ஒப்பிட்டுவிடுவார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம். ஒவ்வொருவரும் தன் வாயில் வருகிறபடியே பேச, எழுத்துக்கூட்டலும் அந்த வாய்க்குத் தக்கபடி வளைகிறது. அதுவரை ஒற்றுமைதான். ஆனால் அங்கே எடின்பரோவின் தெருக்கள். இங்கே மழை, சேறு, பறவைகள். போதையில் தள்ளாடுகிறவன் சட்டென்று வானத்தைப் பார்த்து நின்றுவிடுகிறான். அந்த இடங்களில்தான் உரைநடை தலை நிமிர்கிறது.

குறையும் உண்டு. நீளம். ஒரே இரவை நாலு பேர் சொல்லக் கேட்கிற மாதிரி அலுப்பு. நான் இரண்டு முறை மூடி வைத்தேன். மூன்றாவது முறை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், வாய்விட்டுப் படித்தேன். கண்ணுக்குப் பிடிபடாத எழுத்துக்கூட்டல்கள் காதுக்குப் பிடிபட்டன. நீங்களும் அப்படித் தொடங்குங்கள். கெட்ட வார்த்தைகள் ஏராளம், ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.