தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர்

(கிளிநொச்சியில் சிறுதொழில் முயற்சியாளர்கள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

என்னை அழைத்த பிள்ளைகள் தந்த தலைப்பு நீளமானது. பொறுப்புள்ள தலைமைத்துவமும் வணிகத்தின் சமூக நோக்கமும். சின்ன நெல்லு மில் வைத்திருக்கிற உங்களுக்கு ஏன் இந்தப் பெரிய தலைப்பு என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்கும் அந்த யோசனை இருந்தது. ஆனால் இன்று காலை ஏ9 வீதியால் வரும்போது வழியில் இருந்த பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ் தரிப்பிடத்தில் ஒன்று, பள்ளிக்கூட மதிலில் ஒன்று, கிணற்றுக் கட்டில் ஒன்று. இன்னாரின் அன்பளிப்பு, இன்ன நிறுவனத்தின் அனுசரணை. ஒரு தண்ணீர்த் தாங்கியில் பெயர் பளபளவென்று இருந்தது, குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. சரி, இதிலிருந்தே தொடங்குவோம் என்று முடிவெடுத்தேன்.

அன்பளிப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. யுத்தம் முடிந்து 2010 இல் நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது கூரையாக இருந்தது யாரோ கொடுத்த தறப்பாள். முதல் உலை வைத்த அரிசியும் யாரோ கொடுத்ததுதான். வாங்கிய கை எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் வணிகர்களின் சமூகப் பொறுப்பு என்றால் தை மாதத்தில் நூறு பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்துப் படம் எடுப்பது என்றொரு எண்ணம் நமக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பையை வாங்கிய காசு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். முதலில் என்னுடைய கதையைச் சொல்கிறேன். பிறகு மற்றவர்களைச் சொன்னால் நீங்கள் கோபிக்க மாட்டீர்கள்.

மில்லைத் திரும்பவும் ஓட்டத் தொடங்கி இரண்டாவது காலபோகம். கண்டாவளைப் பக்கமிருந்து ஒரு அம்மா உழவு இயந்திரப் பெட்டியில் நெல் கொண்டுவந்தார். 34 மூட்டை. கணவர் இல்லை. ஒன்றரை ஏக்கரைத் தானே நின்று செய்தவர். என் பெடியன் வழக்கம்போல ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு கிலோ கழித்து எழுதிக்கொண்டு போனான். சாக்குக் கழிவு, ஈரக் கழிவு. எல்லா மில்லிலும் அப்போது அதுதான் வழக்கம். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி மூட்டையும் இறங்கிய பிறகு வெறும் பையொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதை ஒருக்கா தட்டில வையுங்கோவன்."

வைத்தேன். அது உரப்பை. தராசில் முள் அசைந்ததா இல்லையா என்று குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. சணல் சாக்கு இருந்த காலத்தில் சாக்குக்கு ஒரு கிலோ கழித்ததில் ஏதோ நியாயம் இருந்திருக்கலாம். சணல் போய் உரப்பை வந்து எவ்வளவோ காலம். சாக்குப் போய்விட்டது, கழிவு மட்டும் போகவில்லை. ஈரமா? நெல்லை இரண்டு நாள் தார் வீதியோரம் காயப்போட்டுத்தான் கொண்டுவந்திருந்தார். கையில் அள்ளினால் கலகலவென்றது.

34 மூட்டைக்கு 68 கிலோ. ஒரு முழு மூட்டை. அவர் வாய் திறந்து கேட்கவில்லை, நானே மனக்கணக்குப் போட்டேன். அன்றைக்கு அந்த 68 கிலோவுக்கும் காசு கொடுத்தேன். அதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் போகம் முழுவதும் மற்றவர்களிடம் கழித்துக்கொண்டுதான் இருந்தேன். சுற்றியுள்ள எல்லோரும் கழிக்கும்போது நான் மட்டும் விட்டால் நூற்றுக்கு மூன்று என் கையால் போகும். மில்லுக்கு வாங்கிய கடன், மின்சாரக் கட்டணம், பெடியன்களின் சம்பளம் எல்லாம் அந்த மூன்றுக்குள் நின்றன. இரவில் கணக்கெழுதும்போது அந்த வெறும் பை கண்ணுக்குள் வரும். காலையில் மறந்துபோகும்.

அடுத்த போகத்தில்தான் மாற்றினேன். பையின் உண்மையான நிறையை மட்டும் கழிப்பது. ஈரத்துக்கு ஒரு மானி வாங்கி, எல்லோரும் பார்க்க அளப்பது. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரப்பதம் வரை ஏற்கிறது. அதற்கு மேல் எத்தனை சதவீதத்துக்கு எத்தனை கிலோ கழிப்போம் என்று பெரிய எழுத்தில் சுவரில் எழுதிவைத்தேன். இதனால் லாபம் கொட்டியது என்று சொன்னால் பொய். முதல் போகத்தில் நெல்லே வரவில்லை. பக்கத்து வியாபாரிகள் கிலோவுக்கு ஒரு ரூபா கூடச் சொல்லி வாங்கி, அந்த ரூபாவைத் தராசில் எடுத்துக்கொண்டார்கள். ஆட்களுக்கு வாயால் சொல்கிற விலைதானே காதில் விழும். பிறகு மெல்ல மெல்லக் காய்ந்த நெல் என்னிடம் வரத் தொடங்கியது, ஈர நெல் அங்கே போனது. காய்ந்த நெல்லைக் குத்தினால் குறுணல் குறைவு. அதில் கொஞ்சம் மிஞ்சியது. இழந்தது முழுவதும் திரும்பி வந்ததா என்று கேட்டால், இல்லை.

சரி, என் கதை போதும். இதே தராசுச் சண்டை நமக்கு முன்னமே பலர் பிடித்ததுதான். 1844 மார்கழி மாதம், இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற நெசவாலை ஊரில் 28 பேர், ஆளுக்கு ஒரு பவுண் போட்டு ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி. அவ்வளவுதான் சாமான். அந்தக் காலத்துக் கடைகளில் மாவுக்குள் சுண்ணாம்புத்தூளும் படிகாரமும் கலந்து விற்பது சாதாரணம், நிறுவையிலும் களவு. இவர்கள் வைத்த விதி, கலப்படம் இல்லாத சாமான், முழு நிறை. வந்த லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுப்படி அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நம்முடைய சங்கக்கடைக்கு அவர்கள்தான் பாட்டன். இலங்கையில் கூட்டுறவுக்கான முதல் சட்டம் 1911 இல் வந்தது. வன்னியில் சாமான் தட்டுப்பாடான காலங்களில் சங்கக்கடை வாசலில் பையோடு நின்றவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேராவது இருப்பீர்கள். முன்னால் நிற்பவர் அதிகாரியின் அண்ணன் என்பதற்காக அவருக்கு ஒரு கொத்துக் கூடப் போகக்கூடாது என்று எத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன!

குஜராத்தில் 1946 இல் தொடங்கிய அமுல் பால் கூட்டுறவிலும் இதையே பார்க்கலாம். திரிபுவன்தாஸ் பட்டேல் தலைவர். 1949 இல் அங்கே வேலைக்குப் போன வர்கீஸ் குரியன் பொறியியலாளர், கோழிக்கோட்டில் பிறந்தவர். குரியனைப் பற்றிச் சொல்பவர்கள் பெரிய தொழிற்சாலையையும் விளம்பரத்தையும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது ஊர்ச் சங்கத்தின் சின்ன மேசைதான். ஒரு மாடு வைத்திருக்கிற பெண் இரண்டு லீற்றர் பால் கொண்டுவருகிறார். அவர் கண் முன்னாலேயே கொழுப்பு அளக்கிறார்கள், அதற்கேற்ற காசு. பத்து மாட்டுக்காரருக்கும் அதே அளவுகோல், அதே வரிசை. நம்மிடம் பால் எடுக்கும் இடங்களில் மானி எத்தனை காட்டியது என்று கொடுப்பவருக்குத் தெரிகிறதா? விலைச்சிட்டையில் ஒரு இலக்கம் வரும், அவ்வளவுதான்.

நல்ல நோக்கம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1976 இல் பங்களாதேஷில், ஜோப்ரா என்ற கிராமத்தில் முஹம்மது யூனுஸ் என்ற பேராசிரியர் 42 பேருக்குத் தன் கைக்காசில் எல்லாருக்குமாக 27 டொலர் கடன் கொடுத்தார். அதிலிருந்து கிராமீன் வங்கி வளர்ந்தது, 2006 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது. ஏழைப் பெண்களுக்குப் பிணையில்லாத சின்னக் கடன், குழுவாகச் சேர்ந்து பொறுப்பு. கேட்க எவ்வளவு நல்லாயிருக்கிறது. அதே குழுக்கடன் யுத்தத்துக்குப் பிறகு நம்முடைய ஒழுங்கைகளுக்குள் மோட்டார் சைக்கிளில் வந்தது. கம்பனிகளின் பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். மாமரத்துக்குக் கீழே ஐந்து பெண்கள், ஒரு கொப்பி, கிழமைக் கட்டு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். கடன்காரப் பெடியன் சத்தம் போடத் தேவையில்லை, முற்றத்தில் கதிரையைப் போட்டு இருட்டும்வரை இருந்தால் போதும். அயலட்டைக்காரிகளே வந்து சத்தம் போடுவார்கள். பெரியம்மாவும் பெறாமகளும் கதைக்காமல் போன வீடுகள் எனக்குத் தெரியும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்டத் தோடு.

2018 இல் பெண்கள் வீதிக்கு வந்த பிறகுதான் அரசாங்கம் அசைந்தது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டு, மூன்று மாதத்துக்கு மேல் கட்ட முடியாமலிருந்த பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்கள். வட்டிக்கு 35 சதவீதம் என்று மேல்வரம்பும் வந்தது. முப்பத்தைந்துதான் வரம்பு என்றால் அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கம்பனிகளின் துண்டுப்பிரசுரங்களில் பெண்களை வலுவூட்டல் என்றுதான் அச்சடித்திருந்தது.

மில்டன் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970 இல் எழுதினார், வணிகத்துக்கு உள்ள பொறுப்பு லாபத்தைக் கூட்டுவது மட்டும்தான் என்று. நம்முடைய ஆட்களில் கொஞ்சம் படித்த முதலாளிமார் இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். எனக்கு அவருடன் ஒத்துப்போகாது. ஆனால் அவர் கூட ஏமாற்றும் மோசடியும் இல்லாமல் என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அந்த அரைவரியைப் பிடித்துக்கொண்டாலே இங்கே பல மில் தராசுகளை மாற்ற வேண்டிவரும்.

அப்புறம் வேலையாட்கள். சட்டப்படி சம்பளத்தில் ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 சதவீதம். கை உயர்த்தச் சொல்லிக் கேட்கப்போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் ஊர்த் திருவிழாவில் ஒரு நாள் உபயத்துக்கு இலட்சக்கணக்கில் செலவழிக்கிற கடைக்காரரிடம் பத்து வருடம் நின்ற பிள்ளை, கல்யாணத்துக்கு விலகும்போது வெறும் கையோடு போனதைப் பார்த்திருக்கிறேன். முதலாளி ஒரு சேலை கொடுத்தார். அந்தப் பிள்ளை அதற்குக் காலில் விழுந்து கும்பிட்டது.

இப்போது நம்முடைய பிள்ளைகள் விடிய எழும்பி ஆடைத் தொழிற்சாலை பஸ்சில் ஏறுகிறார்கள். அதனால் ராணா பிளாசாவை ஒருதரம் நினைக்கத்தான் வேண்டும். 2013 சித்திரை 23, டாக்காவுக்குப் பக்கத்தில் அந்தக் கட்டடத்துச் சுவரில் வெடிப்பு விழுந்தது. அங்கே இருந்த வங்கி தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது, கடைகள் பூட்டின. மேல்மாடி ஆடைத் தொழிற்சாலைகள் அடுத்த நாள் காலை பிள்ளைகளை உள்ளே வரச் சொன்னன. கட்டடம் இடிந்து விழுந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரே சுவர், ஒரே வெடிப்பு.

தலைமைத்துவம் என்று தலைப்பில் இருக்கிறதே, அதற்கு நமக்கு வெளிநாட்டுப் பயிற்சி வகுப்பு தேவையா என்பது என் சந்தேகம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பங்கிடுகிற சிறுபோகக் கூட்டத்துக்குப் போனவர்கள் இங்கே இருப்பீர்கள். அரசாங்க அதிபர் இருப்பார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று சொல்வார், கமக்கார அமைப்புகள் சத்தம் போடும். தண்ணீர் காணாது என்றால் எல்லோரும் முழுக்க விதைக்க முடியாது, பங்குதான். தீர்மானம் எழுதுவது சுகம். வைகாசி வெயிலில் வாய்க்கால் வற்றும்போதுதான் தெரியும். எங்கள் வாய்க்காலில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய வயல் தலைப்பில், எங்களுடையது வாலில். தண்ணீர் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். முறை முடிகிற நேரத்துக்கு இரவு பத்து மணியானாலும் டோர்ச்சோடு வந்து தன்னுடைய மடையைத் தானே அடைப்பார். பிறகுதான் அடுத்தவன் மடையைப் பார்க்கப் போவார். கூட்டத்தில் அவர் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது, அங்கே கையைக் காட்டுகிறார்கள். ஒரு விசயம் மட்டும். மாசியில் வெட்டுத் தொடங்கிவிடும். வெட்டு மெசினில் வருகிற நெல் ஈரம், சண்டை வரும். மில் வைத்திருக்கிற, நெல் வாங்குகிற தம்பிமார் அந்த நாட்களில் ஒரு நாள் என் இடத்துக்கு வாருங்கள். நான் கணக்கு மேசையில் இருக்க மாட்டேன், தராசடியில் நிற்பேன். மானியை நீங்களே பிடித்துப் பார்க்கலாம். தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு வெறும் உரப்பை தொங்கும். நெல் கொண்டுவருகிற யாரும் அதைக் கழற்றித் தட்டில் வைக்கலாம். அந்த அம்மா இப்போதும் வருகிறார். போன போகமும் கழற்றி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையை இறக்கவிட்டார்.