அத்திக்குள்ளே போனவள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். காட்டை வாழவைப்பது போட்டியா, ஒத்துழைப்பா? ஒத்துழைப்புதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எங்கள் அணியின் முதல் பேச்சாளர் அத்தி மரத்தையும் அத்திக்குளவியையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உடனே எதிரணி அண்ணன் எழுந்து, "விருந்துக்குக் கூப்பிட்டு, உள்ளே வந்ததும் கொன்றுவிடுகிற மரம் அது. இதற்குப் பேர் ஒத்துழைப்பா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, தட்டியது தட்டியதாகவே இருக்கட்டும். அண்ணன் கதையைப் பாதியில் விட்டுவிட்டார், மீதியையும் கேளுங்கள்.

அத்திப்பூவை ஏன் யாரும் பார்ப்பதில்லை? பூவெல்லாம் காய்க்குள்ளேயே பூக்கிறது. தேனீ போக முடியாது, வண்டு போக முடியாது. நுனியில் ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான் வழி. அந்த வழியில் வருகிறவள் ஓர் எறும்பைவிடச் சிறிய பெண் குளவி. வாசனை பிடித்து, தன் மரம் எது என்று கண்டு வருகிறாள். நெருக்கி நுழையும்போது சிறகு பிய்ந்துபோகிறது. பிய்ந்த சிறகோடு உள்ளே போகிறாள் ஐயா! கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கிறாள். சில பூக்களில் முட்டை இடுகிறாள், மற்ற பூக்கள் விதையாகின்றன. அங்கேயே இறந்துபோகிறாள்.

"பார்த்தீர்களா, செத்துவிட்டாள்" என்பார் அண்ணன். அண்ணா, வெளியே இருந்தாலும் அவளுக்கு ஓரிரு நாள்தான் ஆயுசு! மரம் அவளைக் கொல்லவில்லை. அவள் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவைக் கொடுத்து வளர்க்கிறது. அந்தப் பூ விதையாக முடியாது, தெரிந்தும் கொடுக்கிறது. கேட்கிறேன், கொலைகாரன் செய்கிற வேலையா இது? 6 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன. ஒன்று போனால் இன்னொன்று இல்லை.

போட்டியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அத்திப்பழம் தின்னும் பறவை, விலங்கு இனங்கள் உலகத்தில் 1,200-க்கும் மேல். இத்தனைக்கும் சோறு போடுவது அந்தச் சிறகு பிய்ந்தவள்.

அப்புறம், அவளுடைய மகன்கள். அவர்களைப் பற்றி இந்த மேடையில் யாரும் பேசவில்லை. பிறக்கும்போதே சிறகு இல்லை, கண்ணும் சரியாகத் தெரியாது. துணை சேர்வதும் காய்க்குள்ளேயே. அதோடு முடிந்ததென்று படுத்துவிடலாம். படுக்கவில்லை. பல ஆண் குளவிகள் கூடி, பழச்சுவரைக் கடித்துக் கடித்து வெளியே போக ஒரு வழி குடைகிறார்கள். அந்த வழியில் அவர்கள் பறக்கப் போவதில்லை. மகரந்தத்தைச் சுமந்துகொண்டு பெண் குளவிகள் பறந்து போகிறார்கள். வழி வெட்டியவன் வானத்தைப் பார்க்காமலே செத்துப்போகிறான்.

நடுவர் அவர்களே, அவனையும் போட்டிக் கணக்கில் எழுத உங்களுக்கு மனசு வருமா?

நன்றி, வணக்கம்.