டெலஸ்கோப்புக்குத் தெரியாது, சரி

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எனக்கு ஆறு நிமிடம்தான், அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

அறிவியல் ஆய்வுத் துறையில் பெண்கள் மேலே வர முடியாமல் போவது குடும்பச் சுமையாலா, நிறுவனங்களின் பாரபட்சத்தாலா? பாரபட்சம்தான் என்று பேச நாலு பக்கம் குறிப்பு எழுதி வந்தேன். எதிரணி நண்பர் ஒரே வரியில் அதை மடித்துப் பைக்குள் வைக்கச் செய்துவிட்டார். "டெலஸ்கோப்பில் கண் வைப்பது ஆணா பெண்ணா என்று டெலஸ்கோப்புக்குத் தெரியுமா? திறமை இருந்தால் நட்சத்திரம் தெரியப்போகிறது!" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். உண்மையைச் சொன்னால் நானும் தட்டினேன்.

சரி, டெலஸ்கோப்புக்குத் தெரியாது. ஆனால் அது வரைக்கும் போய்ச் சேர வேண்டுமே ஐயா!

1950களில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்துக்கு மார்கரெட் பர்பிட்ஜ் என்ற வானியலாளர் போனார். வானத்தைப் பார்த்து அளக்கத் தெரிந்தவர் அவர். கணவர் ஜெஃப்ரி கணக்குப் போடுகிற கோட்பாட்டு ஆள். டெலஸ்கோப் நேரம் யார் பெயரில் கிடைத்தது? கணவர் பெயரில். மனைவி? அவருக்கு உதவியாளர்! நம் உடம்பில் இருக்கிற கார்பனும் இரும்பும் விண்மீன்களுக்குள் எப்படி உருவாயின என்று விளக்கிய 1957ஆம் ஆண்டு கட்டுரையில் முதல் பெயர் அந்த 'உதவியாளர்' பெயர்தான். டெலஸ்கோப்புக்குத் தெரியாதது விண்ணப்பப் படிவத்துக்குத் தெரிந்திருக்கிறது.

படிவம் என்றதும் வேரா ரூபின் என்ற இன்னொரு வானியலாளர் ஞாபகத்துக்கு வருகிறார். கலிஃபோர்னியாவில் பலோமார் மலை. அன்றைக்கு உலகின் மிகப் பெரிய டெலஸ்கோப் இருந்த இடம். அந்த ஆய்வகத்துப் படிவத்திலேயே அச்சடித்திருந்தார்கள்: 'போதிய வசதி இல்லாததால் பெண்களின் விண்ணப்பங்களை ஏற்க இயலாது.' ரூபினிடம் படிவம் வந்தபோது யாரோ ஒரு புண்ணியவான் 'வழக்கமாக' என்று பென்சிலால் நடுவில் சேர்த்திருந்தார். வழக்கமாக ஏற்க இயலாது! அந்த ஒரு பென்சில் வார்த்தை வழியாகத்தான், முறையான அனுமதியோடு அங்கே வானத்தைப் பார்த்த முதல் பெண்ணாக 1965இல் ரூபின் உள்ளே போனார்.

அது என்ன 'போதிய வசதி'? லென்ஸா? ஏணியா? கழிப்பறை, நடுவர் அவர்களே, கழிப்பறை! இருந்தது ஒன்று, கதவில் ஆண் உருவம். கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தை எட்டிப் பார்க்கிற கருவியைக் கட்டியவர்களுக்கு இன்னொரு கதவு வைக்கத் தோன்றவில்லை. ரூபின் என்ன செய்தார்? போராடவில்லை, மனு எழுதவில்லை. ஒரு காகிதத்தைப் பாவாடை மாதிரி வெட்டினார். கதவில் இருந்த அந்த மனிதனுக்கு ஒட்டினார். "இதோ, இப்போது பெண்கள் கழிப்பறையும் வந்துவிட்டது!"

பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு முறை சொல்கிறேன். பல வருஷமாக முடியாது, முடியாது என்று சொன்ன ஒரு காரியம். அதற்கு ஆன மொத்தச் செலவு ஒரு துண்டுக் காகிதம், கொஞ்சம் பசை!

குடும்பம்தான் தடை என்றார் நண்பர். ரூபினுக்கு நாலு பிள்ளைகள். நாலு பேரும் டாக்டர் பட்டம் வாங்கினார்கள். நண்பருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்கிறது என்று உலகத்தை நம்ப வைத்த அளவீடுகள் அவருடையவை. 2016இல் நோபல் பரிசு இல்லாமலேயே இறந்துபோனார்.

இது பழைய கதை என்பார்கள். 2012இல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஆய்வக மேலாளர் வேலைக்கு ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரில், மீதிப் பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்குச் சராசரியாக 30,238 டாலர் சம்பளம் தரலாம் என்றார்கள். ஜெனிஃபருக்கு 26,508. அதில் பெண் பேராசிரியர்களும் உண்டு, அவர்களும் அப்படியேதான் போட்டார்கள். இந்த இடத்தில் எதிரணி கை தட்டுவார்கள் என்று தெரியும். தட்டுங்கள். ஏனென்றால் நானும் ஒரு பெண் பேராசிரியர்தான்.

போன வருஷம் ஓய்வு பெற்றபோது பழைய கோப்புகளைக் கிழிக்க உட்கார்ந்தேன். ஒரே தேதியில் நான் எழுதிய இரண்டு பரிந்துரைக் கடிதங்களின் நகல் கிடைத்தது. ஒரு மாணவன், ஒரு மாணவி. அவனைப் பற்றி, 'கூர்மையான அறிவு, சொந்தமாகச் சிந்திப்பவர், எதிர்காலத்தில் தனிக் குழுவை நடத்துவார்.' அவளைப் பற்றி, 'கடின உழைப்பாளி, பொறுப்பானவர், எல்லோரிடமும் அனுசரித்துப் போவார்.'

எங்கள் கருவியில் மூன்று வாரமாக ஓர் இரைச்சல். எங்கிருந்து வருகிறது என்று நானும் அவனும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து அறை மோட்டார் ஓடும்போது மட்டும்தான் வருகிறது என்று கண்டுபிடித்து எர்த் இணைப்பை மாற்றியவள் அவள். எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதைக் கடிதத்தில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இடம் அவனுக்குக் கிடைத்தது. அவள் வந்து, "பரவாயில்லை மேடம், நீங்க எழுதிக் கொடுத்ததே பெரிய விஷயம்" என்றாள். அதில் என்ன எழுதியிருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. உறையை ஒட்டித்தான் கொடுத்திருந்தேன்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. உட்காருகிறேன்.