ஆம்பூர் எந்த மாவட்டம்?

வணக்கம் நேயர்களே. காட்பாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதச் சிலருக்குக் கற்றுக்கொடுத்தோம். வந்தவர்களில் ஒருவர் ஆம்பூர்க் கல்லூரி மாணவி. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன அல்லவா? சில பக்கங்களில் இன்னும் பழைய மாவட்டமே இருக்கிறதே என்று, கண்ட இடத்திலெல்லாம் 'திருப்பத்தூர் மாவட்டம்' என மாற்றினார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய வரியிலும் மாற்றிவிட்டார். அப்போது அந்த மாவட்டமே கிடையாது. 1989க்கு முன் என்றால் வேலூர்கூட இல்லை, எல்லாம் வட ஆற்காடுதான்.

மறுநாள் யாரோ அத்தனையையும் மீளமைத்துவிட்டார், அதாவது பழையபடியே ஆக்கிவிட்டார். காரணம் ஒரு வரிகூட இல்லை. சரியாகத் திருத்தியதும் சேர்ந்து போயிற்று. "சார், நான் எழுத வேணாம்னு சொல்றாங்களா?" என்று போனில் கேட்டார். குரல் உடைந்திருந்தது.

"பக்கத்தின் மேலே 'வரலாறு' என்று இருக்கும், திறம்மா" என்றேன். யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்பதெல்லாம் அங்கே அப்படியே இருந்தது. அவர் எழுதியதும் இருந்தது. அப்புறம், கட்டுரையைப் பற்றிக் கலந்து பேசுவதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில், "எது தவறு என்று சொல்லுங்கள்" என்று எழுதச் சொன்னேன். மாலைக்குள் பதில் வந்தது. சரியான திருத்தங்கள் திரும்பி வந்தன.

பக்கத்தையே நீக்கிவிட்டால் வலி இன்னும் அதிகம். வரலாறும் நம் கண்ணுக்குத் தெரியாது, நிர்வாகிகள்தான் பார்க்க முடியும். குடியாத்தத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கோயில் தலபுராணப் புத்தகம் ஒன்றை நான்கு நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றினார். பதிப்புரிமை மீறல் என்று நீக்கிவிட்டார்கள். "சாமி கதை எல்லாருக்கும் பொதுதானே?" என்றார். நியாயமான கேள்வி. கதை பொதுதான், ஐயா. ஆனால் அந்தப் புத்தகத்தின் வாக்கியங்கள் அதை எழுதியவருடையவை. விக்கிப்பீடியாவில் இருக்கும் எழுத்தை, மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். அந்த அனுமதியை அவர் சார்பில் நாம் எப்படிக் கொடுப்பது?

இதைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அதைத்தான் முதல் நாளே யாரும் சொல்லவில்லை. பழைய பயனர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன்: 'இதை நீக்க வேண்டும்' என்ற ஆயத்த அறிவிப்பான நீக்கல் வார்ப்புருவை இடுவதற்கு முன், அந்தப் பக்கத்தை எழுதியவருடைய பேச்சுப் பக்கத்தில் சொந்தமாக இரண்டு வரி எழுதுங்கள். வேலை அதிகம் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுங்கள்.

அந்த ஆசிரியர் இப்போது மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகும் பக்கத்தில், மோர்தானா அணை பற்றித் தன் நடையில் எழுதிக்கொண்டிருக்கிறார். போன வாரம் விசாரித்தேன். "உயரத்துக்குச் சான்று தேடி லைப்ரரியில் இருக்கேன், அவசரப்படுத்தாதீங்க" என்றார்.