கிக்கரும் அதுதான், கியரும் அதுதான்

வணக்கம் மக்களே. மணி காலை ஐந்தரை. பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் இன்னும் பால்காரர்கூட வரவில்லை, அதனால் கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன். பின்னால் நிற்கிறதே, அதுதான் வண்டி. எஸ்டி ரோட் கிங் பைக், 1987 மாடல். வாங்கி நாலு மாதம் ஆகிறது. எப்போது காட்டுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஓடாத வண்டியைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. இப்போது ஓடுகிறது.

அப்பாவிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது. நான் ஓட்டப் பழகியதே அதில்தான். 2004இல் கொடுத்துவிட்டோம். அப்புறம் நான் வைத்திருந்தது எல்லாம் பட்டனை அமுக்கினால் கிளம்புகிற வண்டிகள். நல்ல வண்டிகள்தான், ஒரு நாளும் நடுரோட்டில் நின்றதில்லை. இருந்தாலும் சிக்னலில் எங்காவது ரெட்டை சைலன்சர் சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்பிவிடும். இருபது வருஷமாக அப்படித்தான்.

கேமராவைக் கீழே கொண்டுவருகிறேன். இடது பக்கம் இந்த லிவரைப் பாருங்கள். இப்போது இது கியர். கையால் உள்ளே தள்ளி, அப்படியே மேலே திருப்புகிறேன். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதா? இப்போது இது கிக்கர். உதைத்து ஸ்டார்ட் செய்த பிறகு பழையபடி முன்னால் இறக்கிவிட்டால் மறுபடியும் கியர். இரண்டு வேலைக்கும் ஒரே லிவர். ரப்பர் தேய்ந்து உள்ளே இரும்பு தெரிகிறது பாருங்கள், யாரோ முப்பது வருஷம் மிதித்த இடம் அது. புது ரப்பர் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். நான் மாற்றப் போவதில்லை.

இன்னொரு விஷயம். இந்த லிவரை மிதிக்கும்போதே உள்ளே கிளட்ச் விடுபட்டுவிடும். அதாவது கை கிளட்சைப் பிடிக்காமலே கியர் மாற்றலாம். போன மாதம் கே.ஆர். புரம் தொங்கு பாலத்துப் பக்கம், நல்ல நெரிசல் நேரத்தில் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. வேறு வண்டியாக இருந்தால் தள்ளிக்கொண்டு வந்திருப்பேன். இதில் முதல் கியரை மிதித்து, காலை எடுக்காமல் வைத்திருந்து, ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே காலை மெல்ல விட்டேன். நகர்ந்துவிட்டது. அல்சூர் வரை அப்படியே ஓட்டிவந்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் டேங்க்கைத் தட்டிக் கொடுத்தேன்.

இது மைசூரில் பிறந்த வண்டி. செக் நாட்டு ஜாவாவின் உரிமத்தில் ஐடியல் ஜாவா கம்பெனி அங்கே தயாரித்தது. பிறகு எஸ்டி என்று சொந்தப் பெயரில் வந்தது, 1996இல் உற்பத்தி நின்றுபோனது. 250 சிசி, டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றுகிற என்ஜின்), ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு சைலன்சர். சிலிண்டரிலேயே புகை போக இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஜாவா 2018இலும் எஸ்டி 2022இலும் புதிதாகத் திரும்பி வந்தன. ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது ஃபோர் ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலக்கிற வேலை இல்லை. எனக்கு வேண்டியது இந்தச் சத்தமும் இந்த ஆயில் வாசனையும்.

பெட்ரோல் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நான் லிட்டருக்கு 40 மில்லி டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில்) கலக்கிறேன். முன்பெல்லாம் பங்கிலேயே கலந்து கொடுப்பார்கள். இப்போது நானே அளவு கப் வைத்து முதலில் ஆயில், மேலே பெட்ரோல் என்று ஊற்றிக் குலுக்குகிறேன். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். அதனால் இரண்டு நாள் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டர் காலியாகி வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். சிவாஜி நகரில் எனக்கு வண்டி பார்க்கிற பாய் முதல் நாளே சொன்னது இது. "தம்பி, வண்டியை நிறுத்தும்போது பார்த்துக்கொண்டால் ஸ்டார்ட் பண்ணும்போது அது உன்னைப் பார்த்துக்கொள்ளும்" என்றார்.

மலை இறக்கம் இதைவிட முக்கியம். இந்த என்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் போகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக மூடிவிட்டால் சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும், தேவையான அளவு ஆயில் மட்டும் போகாது. காலேஜ் படிக்கும்போது நந்தி மலையில் பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து அப்பா வண்டியை அப்படித்தான் இறக்கினேன். பாதி வழியில் பிஸ்டன் ஜாம் ஆகி, பின் சக்கரம் கட்டிக்கொண்டு இழுத்தது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். அப்பா திட்டவில்லை. சிலிண்டரை உள்ளே கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் மாற்றிக் கொடுத்துவிட்டு, "இறங்கும்போது நடுநடுவே கிளட்ச் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குடா" என்று மட்டும் சொன்னார். போன ஞாயிறு அதே நந்தி மலையில் வளைவுக்கு வளைவு முறுக்கிக்கொண்டேதான் இறங்கினேன்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக: பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி, ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தாயிற்று.

இன்று மைசூர் போகிறோம். 2023 ஆகஸ்ட் முதல் விரைவுச் சாலையில் பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போகணும். அறுபதில் போகிற வண்டிக்கு அதுவே சௌகரியம். ராமநகரம், சன்னபட்ணா, மத்தூரில் நிறுத்தி வடை, காபி. யாதவகிரியில் பழைய ஃபேக்டரி இருந்த பக்கம் ஒரு தடவை போய் நிற்க வேண்டும் என்று அப்பா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, லிவரை மேலே திருப்பிவிட்டேன். ஒன்று... இரண்டு... கேட்கிறதா? இரண்டாவது உதையிலேயே வந்துவிட்டது. அப்பா, ஹெல்மெட் கொக்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏறுங்கள், போகலாம்.