கழுத்தைக் கட்டிக்கொண்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

விவிலியக் கதைகளில் ஓங்கி நிற்பது உடன்பிறந்தோர் பகையா, உறவா என்பது தலைப்பு. உறவே என்பது எங்கள் அணி. எதிரணி நண்பர் காயீனில் தொடங்கினார். நியாயம்தான். உலகின் முதல் அண்ணனே தம்பியைக் கொன்றான். ‘என் சகோதரனுக்கு நான் காவலாளியோ?’ என்று கடவுளிடமே கேட்டான். அந்த இரத்தத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அது விவிலியத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 4ஆம் அதிகாரம். அந்தப் புத்தகத்துக்கு 50 அதிகாரங்கள் இருக்கின்றன, ஐயா!

யாக்கோபு அண்ணன் ஏசாவின் ஆசீர்வாதத்தைத் தட்டிப் பறித்தான் என்றார் நண்பர். பறித்தான்தான். பயந்து ஓடி, தாய்மாமன் லாபானிடம் 20 வருடம் உழைத்தான். அப்புறம் என்ன ஆனது? அதை ஏன் சொல்லாமல் விட்டார்? அவன் ஊர் திரும்பும்போது ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான். யாக்கோபு நடுங்கிப் போய் ஏழு தரம் தரையில் விழுந்து வணங்குகிறான். ஏசாவோ ஓடி வந்து, தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். இருவரும் அழுகிறார்கள். ஏமாந்தவன்தான் ஓடி வருகிறான், ஏமாற்றியவன் அல்ல. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

‘அதன்பிறகு இருவரும் வேறு வேறு ஊருக்குத்தானே போனார்கள்?’ என்பீர்கள். போனார்கள். ஆனால் தகப்பன் ஈசாக்கு இறந்தபோது அடக்கம் செய்தது ஏசாவும் யாக்கோபும் சேர்ந்துதான். அதற்கு முன், ஈசாக்கின் தகப்பன் ஆபிரகாமை மக்பேலா குகையில் அடக்கம் செய்ய ஈசாக்கோடு நின்றவன் யார்? வீட்டை விட்டே அனுப்பப்பட்ட, வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் இஸ்மவேல்!

சரி, யாக்கோபின் மகன் யோசேப்புக்கு வருவோம். அண்ணன்மாரால் 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவன். ‘அவனை விற்றுவிடலாம்’ என்று யோசனை சொன்னதே அண்ணன் யூதாதான். ஆண்டுகள் கழித்து, எகிப்தில், கடைசித் தம்பி பென்யமீன் அடிமையாகப் போகிறான் என்ற நிலை வருகிறது. அதே யூதா எழுந்து, ‘இவனுக்குப் பதில் என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்கிறான். எதிரே அதிகாரியாக நிற்பவன் தான் விற்ற தம்பி என்பது அவனுக்குத் தெரியாது. காயீன் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் வருகிறது, நடுவர் அவர்களே! ஆம், நான் காவலாளிதான் என்று ஓர் அண்ணன் தன் உடம்பையே பணயம் வைக்கிறான். அதைக் கேட்ட யோசேப்பால் அடக்க முடியவில்லை. தன்னை வெளிப்படுத்துகிறான். பென்யமீனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான்.

அதே ‘கழுத்தைக் கட்டிக்கொண்டு’ லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் மறுபடியும் வருகிறது. இயேசு சொன்ன கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனைத் தகப்பன் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். ஏசா செய்ததும் இதுவேதான்.

‘மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நின்றானே!’ என்று நண்பர் மேசையைத் தட்டினார். நின்றான். தகப்பன் வெளியே வந்து, ‘உன் சகோதரன்’ என்று சொல்லி அழைக்கிறான். கதை அத்தோடு நிற்கிறது. அவன் உள்ளே போனானா என்று எழுதப்படவில்லை. போயிருப்பான் என்றே நான் நம்புகிறேன். ஏசா ஓடி வந்திருக்கிறானே, ஐயா!

நன்றி, வணக்கம்.