அன்னோன் பிளாக் பூஜ்யம் கமா பூஜ்யம்னு நின்னா என்ன பண்றது?

அடுத்த கேள்வி, வேலந்தாவளத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. கேரளா ஸ்கூல்ல வர்ற கைட் லினக்ஸ்ல படிச்ச பழக்கம், வீட்டு லேப்டாப்ல உபுண்டு லினக்ஸ். லினக்ஸோட மையமான கெர்னல்ல 6.6 வெர்ஷனை சொந்தமா கம்பைல் பண்ணி, அதுல கிடைச்ச பிஇசட்இமேஜ்ங்கற கெர்னல் ஃபைலை பூட் ஃபோல்டர்ல காப்பி போட்டு, ஆன் பண்ணினதும் கெர்னலை ஏத்தற கிரப்ல பழைய என்ட்ரியப் பாத்து புதுசா ஒண்ணு எழுதியிருக்காரு. பூட் ஆகறப்ப கெர்னலுக்கு உதவற இனிட்ஆர்டி ஃபைல் இல்லாததால அந்த வரியையே எடுத்துட்டாராம். இப்ப "அன்னோன் பிளாக் (0,0)"னு கெர்னல் பேனிக், அதாவது கெர்னல் மேல போக முடியாம நின்னுருச்சு. ஓஎஸ்ஸை மறுபடி போடணுமாண்ணான்னு கேக்கறாரு.

வேண்டாம் தம்பி! பழைய கெர்னல் அங்கயேதான் இருக்கு. ஆன் பண்ணினதும் எஸ்கேப் தட்டுங்க, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல பழசைப் பிடிச்சு உள்ள போயிடலாம்.

அந்த வரியில எல்லாரும் "பேனிக்"கைத்தான் பாக்கறாங்க. பாக்க வேண்டியது அந்த ரெண்டு நம்பர். 259 கமா 2 மாதிரி வந்தா டிஸ்க் தெரிஞ்சிருச்சு, அதுல இருக்கற ஃபைல் சிஸ்டத்தைத்தான் படிக்க முடியலைன்னு அர்த்தம். உபுண்டு வழக்கமா போடற ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 கெர்னல்ல விட்டுப்போச்சான்னு பாக்கணும். ரெண்டும் பூஜ்யம்னா ரூட், அதாவது சிஸ்டம் இருக்கற பார்ட்டிஷன், எதுன்னே கெர்னலுக்குத் தெரியலைங்க.

உங்களுக்கு ஏன் தெரியல? உபுண்டு கெர்னல் கான்ஃபிக்ல என்விஎம்இ டிரைவர் (எஸ்எஸ்டி டிஸ்க்கைப் படிக்கறது) மாட்யூலா, அதாவது கெர்னலுக்கு வெளிய தனி ஃபைலா இருக்கு. அந்த மாட்யூல் கிடக்கறதே டிஸ்க்குலதான், டிஸ்க்கைத் திறக்க அதே மாட்யூல் வேணும். இந்தச் சிக்கலுக்குத்தான் இனிட்ராம்எஃப்எஸ், கிரப் முன்னாடியே மெமரில ஏத்தி வைக்கற குட்டி ஃபைல் சிஸ்டம். இனிட்ஆர்டி வரி காட்டறது இதைத்தான். அதைத்தான் நீங்க எடுத்துட்டீங்க. இன்னொண்ணு, ரூட்னு ஃபைல் சிஸ்டத்தோட அடையாள நம்பரான யூயூஐடி கொடுத்திருக்கீங்க. அது வீட்டுக்குள்ள மாட்டின போட்டோ மாதிரி, கதவைத் திறந்தாத்தான் தெரியும். பார்ட்டிஷன் டேபிள்ல இருக்கற பார்ட்யூயூஐடி கதவு நம்பர், கெர்னல் வெளிய நின்னே படிச்சுக்கும். அதனால என்விஎம்இயை ஒய்னு வச்சு உள்ளயே கட்டினாலும், இனிட்ராம்எஃப்எஸ் இல்லாம யூயூஐடி வேலை செய்யாது.

சுலபமான வழி சொல்றேன். கையால காப்பி பண்றதை விடுங்க. நீங்க எழுதின என்ட்ரியை எடுத்துருங்க. சோர்ஸ் ஃபோல்டர்ல சூடோ போட்டு மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால், அப்புறம் மேக் இன்ஸ்டால். உபுண்டுவுல இனிட்ராம்எஃப்எஸ் உண்டாக்கறது, கிரப்பை அப்டேட் பண்றது ரெண்டையும் அதுவே பாத்துக்கும்.

மாட்யூல்ஸ் போடறப்ப டீபக் தகவலை (தப்பு தேட உதவறது) நீக்க இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1னு சேத்துக்குங்க. அதோட போட்டா இனிட்ராம்எஃப்எஸ் நூத்துக்கணக்கான எம்பிக்கு ஊதிரும், பூட் பார்ட்டிஷன் சின்னதா இருந்தா ரொம்பிரும். சில மெஷின்ல கிரப் "அவுட் ஆஃப் மெமரி"ன்னு ஒரு செகண்ட் காட்டிட்டு, அதே பூஜ்யம் பூஜ்யத்துல வந்து நிக்கும். கண்ணை அங்க வச்சிருங்க.

கான்ஃபிக்கைச் சின்னதாக்க மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் போட்டிருந்தீங்கன்னா, அது அந்த நேரம் லோடு ஆகியிருந்த மாட்யூலை மட்டும்தான் வச்சுக்கும். பென் டிரைவ், பிரின்டர் எல்லாத்தையும் சொருகிட்டு ஓட்டுங்க.

பேனிக் வராம "பேட் ஷிம் சிக்னேச்சர்"னு வந்தா மேல சொன்ன எதுவும் காரணம் இல்லை, கையெழுத்து இல்லாத கெர்னலைத் தடுக்கற செக்யூர் பூட்தான். பயாஸ்ல ஆஃப் பண்ணுங்க, இல்லைன்னா கெர்னலை நீங்களே சைன் பண்ணணும்.